ஓவர்கிளாக் செய்த கம்ப்யூட்டர் எப்போது விழுகிறது? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஓவர்கிளாக் செய்த, அதாவது பிராசசரையோ ரேமையோ வரையறுத்த வேகத்துக்கு மேல் ஓட்டும் கம்ப்யூட்டர் தகராறு செய்தால் பலரும் திரையில் வந்த பிழைச் செய்தியைத்தான் தேடிக்கொண்டு போகிறார்கள். அதைவிட நல்ல துப்பு ஒன்று இருக்கிறது: அது விழுந்த நேரம். பவர் பட்டனை அழுத்திய உடனேயா, விண்டோஸ் ஏறும்போதா, முழுச் சுமையிலா, சும்மா கிடக்கும்போதா? பிழைச் செய்தி பல சமயம் பழியை வேறு எதன் மேலோ போட்டுவிடும். நேரம் அப்படிப் பெரும்பாலும் ஏமாற்றாது. அதனால் கீழே எல்லாவற்றையும் நேரத்தை வைத்தே பிரித்திருக்கிறேன். உங்கள் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போங்கள்.

கை வைப்பதற்கு முன்

பயாஸில் (விண்டோஸ் ஏறும் முன்பே திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) இப்போது இருக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். குறிப்பாக ஸ்டோரேஜ் பக்கத்தை. பயாஸை முழுதாக அழித்தால் ரெய்டு, விஎம்டி போன்ற டிஸ்க் அமைப்புகளும் சேர்ந்தே பழைய நிலைக்குப் போய்விடும். அப்புறம் விண்டோஸ் தன் டிஸ்க்கையே கண்டுபிடிக்காமல் 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத்திரை காட்டும். டிஸ்க் போய்விட்டது என்று பயந்து விண்டோஸைத் திரும்பப் போடுகிறவர்கள் உண்டு. அந்த ஒரு அமைப்பை முன்பு இருந்தபடி மாற்றினாலே போதும், எல்லாம் அப்படியே திரும்பி வரும்.

இன்னொன்று, டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால், பயாஸ் அழிப்பில் டிபிஎம், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்புகள் மாறி, அடுத்த முறை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அந்தச் சாவி வேறோர் இடத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். இது சம்பிரதாயத்துக்குச் சொல்லும் எச்சரிக்கை இல்லை. ஓவர்கிளாக் தடுமாறும்போது கோப்புகள் கெடுவது உண்மையிலேயே நடக்கும்.

அடுத்து, ரேமைத் தனியாகப் பிரியுங்கள். ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்துக்கு ஏற்றும் பயாஸ் அமைப்புக்கு எக்ஸ்எம்பி, எக்ஸ்போ, டிஓசிபி என்று பெயர் எதுவாக இருந்தாலும் அதுவும் ஓவர்கிளாக்தான். டிடிஆர்4 ரேம் 1.2 வோல்ட்டிலும் டிடிஆர்5 ரேம் 1.1 வோல்ட்டிலும் ஓடும்படி வரையறுக்கப்பட்டவை. எக்ஸ்எம்பி போட்டவுடன் பல கிட்கள் 1.35 வோல்ட்டுக்கோ அதற்கு மேலோ போகின்றன. பிராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலரும் கூடுதல் வேகத்தில் ஓட வேண்டியிருக்கிறது. கோர் (பிராசசருக்குள் கணக்குப் போடும் தனித்தனிப் பகுதி) ஓவர்கிளாக், ரேம் ஓவர்கிளாக் இரண்டையும் ஒன்றாக ஏற்றி வைத்துக்கொண்டு எது விழுகிறது என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. முதலில் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு அறிகுறி தொடர்கிறதா என்று பாருங்கள். நின்றுவிட்டால் நீங்கள் கோர் வோல்டேஜோடு மல்லுக்கட்டியதெல்லாம் வீண். பிரச்சினை ரேம் பக்கம் இருக்கிறது.

விசிறி சுற்றுகிறது, திரை கருப்பாகவே இருக்கிறது

இது பட்டனை அழுத்திய உடனே விழும் வகை. கடைசியாக மாற்றிய எண்ணில் போர்டு எழவே முடியவில்லை. முதல் மருந்து பொறுமை. ஏஎம்டியின் ரைசன் 7000 முதலான பிராசசர்களுக்கான ஏஎம்5 போர்டுகளில் டிடிஆர்5 அமைப்பை மாற்றிய பிறகு வரும் முதல் பூட்டில், ரேமோடு ஒத்துப்போகப் போர்டு பழகிக்கொள்ளும் மெமரி டிரெயினிங் நடக்கும். அதற்குச் சில நிமிடங்கள் கூட ஆகலாம். நடுவில் பயந்துபோய் பவரைப் பிடுங்கினால் அது முதலிலிருந்து தொடங்கும். போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சின்ன விளக்குகள் இருந்தால் அவற்றைக் கவனியுங்கள். டிராம் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் ரேம்; சிபியு விளக்கு என்றால் கோர் அமைப்போ வோல்டேஜோ.

பத்து நிமிடம் ஆகியும் அசையவில்லை என்றால் அணையுங்கள். பல போர்டுகள் சில முறை எழ முயன்று தோற்றால், தாமாகவே பழைய அமைப்புக்குத் திரும்பி, ஓவர்கிளாக் தோற்றது என்று செய்தி காட்டும். அப்படியும் வரவில்லை என்றால் சிமாஸை, அதாவது பயாஸ் அமைப்புகள் சேமித்திருக்கும் நினைவகத்தை, அழிக்க வேண்டியதுதான். அதை முறையாகச் செய்யுங்கள். பவர் சப்ளையின் பின்பக்க சுவிட்சை அணைத்து, வயரைக் கழற்றுங்கள். பிறகு கேஸின் பவர் பட்டனை ஒரு பத்து வினாடி அழுத்திப் பிடியுங்கள். கெப்பாசிட்டர்களில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். சில போர்டுகளில் அந்த நொடியில் ஒரு விளக்கு மினுக்கி அணைவதைப் பார்க்கலாம். இப்போது சிஎல்ஆர்டிசி அல்லது ஜேபேட் என்று அச்சிட்ட இரண்டு முனைகளை ஸ்குரூடிரைவர் நுனியால் சில வினாடிகள் இணைத்துப் பிடியுங்கள். அந்த முனைகள் கைக்கு எட்டவில்லை என்றால் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் விட்டு மாட்டலாம். பேட்டரி பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும், கார்டைக் கழற்ற வேண்டிவரும். பின்பக்கத்தில் சிமாஸ் அழிக்கும் பட்டனே இருந்தால் இந்தப் பாடு எதுவும் இல்லை.

எழுந்து வந்ததும் எல்லா அமைப்பையும் ஒரேயடியாகத் திரும்பப் போடாதீர்கள். ஸ்டோரேஜ் அமைப்பை மட்டும் சரிசெய்து, விண்டோஸ் வருகிறதா பாருங்கள். மற்றவை ஒவ்வொன்றாக.

நான்கு ரேம் குச்சிகள் மாட்டியிருந்தால் ஒரு சங்கதி தெரிந்துகொள்ளுங்கள். ரைசன் 7000 வரிசையில் நான்கு டிடிஆர்5 குச்சிகளுக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகத் தரும் வேகம் 3600 மட்டும்தான். பெட்டியில் 6000 என்று போட்டிருப்பது இரண்டு குச்சிகளை மனதில் வைத்து. இரண்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் பாதிப் புதிர்கள் அங்கேயே அவிழ்ந்துவிடும்.

பயாஸ் வரை வருகிறது, விண்டோஸ் ஏறும்போது விழுகிறது

எல்லையை ஒட்டி நிற்கிறீர்கள் என்று அர்த்தம். பயாஸ் திரையில் பிராசசருக்குச் சுமை குறைவு. விண்டோஸ் ஏறும்போதுதான் எல்லாக் கோர்களும் ஒன்றாக விழிக்கும். பேஸ் கிளாக்கை எத்தனை மடங்கு பெருக்குவது என்று சொல்லும் மல்டிபிளையரை ஒன்றோ இரண்டோ குறையுங்கள். பேஸ் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ் என்றால் மல்டிபிளையர் 52 என்பது 5.2 கிகாஹெர்ட்ஸ், 51 என்பது 5.1. அந்த ஒரு படி இறங்கியதும் நிம்மதியாக ஏறினால் எல்லை எங்கே என்று தெரிந்துவிட்டது. பேஸ் கிளாக்கையே 100-க்கு மேல் ஏற்றியிருந்தால் அதை முதலில் திரும்ப 100 ஆக்குங்கள். தனியாக கிளாக் ஜெனரேட்டர் இல்லாத போர்டில் அது பிசிஐஇ, சாட்டா என்ற கார்டு, டிஸ்க் இணைப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து இழுக்கும், டிஸ்க்கில் எழுதுவது கெடும்.

முழுச் சுமையில் நீலத்திரை, அல்லது டெஸ்ட் பாதியில் நிற்கிறது

இதுதான் ஓவர்கிளாக்கின் பழகிய நோய். நீலத்திரையில் 'கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட்' என்று வந்தால் ஒரு கோர் குறித்த நேரத்தில் பதில் சொல்லவில்லை. கோர் வோல்டேஜ் போதவில்லை என்று சந்தேகப்படலாம். 'டபிள்யூஹெச்இஏ அன்கரெக்டபிள் எர்ரர்' வந்தாலும் அதே பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டும். 'மெமரி மேனேஜ்மென்ட்', 'பேஜ் ஃபால்ட்' போன்றவை அடிக்கடி மாறி மாறி வந்தால் ரேம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு நீலத்திரை வருவதே ரேமைக் காட்டும் நல்ல அடையாளம்.

பிராசசரை வதைத்துச் சோதிக்கும் பிரைம்95 மென்பொருளை ஓட்டினால் இன்னும் தெளிவாகத் தெரியும். அதில் ஸ்மால் எஃப்எஃப்டி என்ற சோதனை முக்கியமாகக் கோரையும் கேஷையும் வதைக்கும். லார்ஜ் எஃப்எஃப்டி, பிளெண்ட் ஆகியவை ரேமையும் மெமரி கன்ட்ரோலரையும் சேர்த்து இழுக்கும். ஸ்மாலில் தாங்கி லார்ஜில் விழுந்தால் கோரை விட்டுவிட்டு மெமரி பக்கம் போங்கள். கம்ப்யூட்டர் முழுதாக விழாமல் ஒரு வொர்க்கர் (ஒரு கோரில் ஓடும் பிரைம்95 வேலை) மட்டும் நின்று, ரவுண்டிங் 0.5, எதிர்பார்த்தது 0.4-க்குக் கீழ் என்று வரி எழுதியிருந்தால் அந்தக் கோர் கணக்கைத் தப்பாகப் போட்டிருக்கிறது. எந்த வொர்க்கர் என்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப அதே எண் வந்தால் அந்த ஒரு கோர்தான் உங்கள் பலவீனமான கண்ணி.

சரி, வோல்டேஜை ஏற்றலாமா? முதலில் சுமையில் உண்மையில் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். வீட்டில் ஒரு குழாய் திறந்திருக்கும்போது வேகமாக வரும் தண்ணீர், நாலு குழாயும் திறந்தால் சோர்ந்துபோகும். பயாஸில் 1.30 வோல்ட் போட்டிருப்பீர்கள், எல்லாக் கோரும் முழு மூச்சில் ஓடும்போது அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருளில் 1.20 காட்டும். வி-ட்ரூப் எனப்படும் இந்த இறக்கம் கோளாறு இல்லை, வேண்டுமென்றே வடிவமைத்தது. சுமை சட்டென்று விலகும்போது வோல்டேஜ் ஒரு கணம் மேலே துள்ளும், அந்தத் துள்ளல் பிராசசரை அடிக்காமல் காக்கத்தான் இந்த இறக்கம். லோடு லைன் காலிபரேஷன் என்ற எல்எல்சி அமைப்பு இறக்கத்தைக் குறைக்கும். அதை உச்சத்தில் வைத்தால் இறக்கம் காணாமல் போகும், துள்ளல் பெரிதாகும். நடு அளவில் ஒன்றை வைத்து, அதன் மேல் 0.01 அல்லது 0.02 வோல்ட்டாக ஏற்றிப் பார்ப்பதுதான் நான் சொல்லும் வழி. எல்எல்சி எண்கள் போர்டுக்குப் போர்டு தலைகீழாக இருக்கும். ஒன்றில் 1 என்பது உச்சம், இன்னொன்றில் 8 என்பது உச்சம். கையேட்டைப் பார்க்காமல் தொடாதீர்கள்.

ரைசன் வைத்திருப்பவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்று. அமைப்பு எதையும் மாற்றாமல் இருக்கும்போதே லேசான வேலையில் 1.4 வோல்ட்டுக்கு மேல் காட்டும். அது சாதாரணம், ஒன்றிரண்டு கோர்கள் சில நொடிகள் துள்ளுவதற்காகக் கேட்கும் அளவு அது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு எல்லாக் கோருக்கும் நிலையான 1.4 என்று கையால் போட்டுவிடாதீர்கள். முழுச் சுமையில் அந்த வோல்டேஜும் கூடவே அதிக மின்னோட்டமும் சேர்ந்தால் சிலிக்கான் தேயும். ஏஎம்5-இல் மெமரி கன்ட்ரோலர் பக்கத்துக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜும் அப்படித்தான். 2023-இல் சில ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசசர்கள் எரிந்துபோனதற்குப் பிறகு ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டில் கட்டிவிட்டது. பழைய பயாஸில் இருந்தால் ரேமைத் தொடுவதற்கு முன்பே புதுப்பியுங்கள்.

நீலத்திரை கூட இல்லை, சுமையில் பட்டென்று அணைகிறது

விண்டோஸுக்குப் பிழையை எழுதக்கூட நேரம் இல்லை. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை வைத்துப் பவர் சப்ளையைக் குற்றம் சொல்லாதீர்கள், ஒழுங்காக அணையவில்லை என்பதைத் தவிர அது வேறு எதையும் சொல்லாது. முழுதாக அணைந்து மறுபடி பட்டனை அழுத்தும் வரை எழவில்லை என்றால் பவர் சப்ளையின் பாதுகாப்பு வெட்டியிருக்கலாம், இல்லாவிட்டால் வெப்பம். போர்டின் மேல் மூலையில் இருக்கும் 8 முனை சிபியு கனெக்டர் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். அடுத்து, பிராசசருக்கு வோல்டேஜைச் சீராக்கித் தரும் விஆர்எம் சுற்றின் வெப்பம். சாதாரண போர்டில் பெரிய பிராசசரைப் போட்டு ஓவர்கிளாக் செய்தால் முதலில் தவிப்பது விஆர்எம்தான்.

சும்மா கிடக்கும்போது ரீஸ்டார்ட் ஆகிறது

ஆட்களை அதிகமாகக் குழப்புவது இதுதான். வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் பத்து முறை ஓடுகிறது, பிரைம்95 இரவு முழுக்க ஓடுகிறது, காலையில் ஒரு பிரவுசர் பக்கத்தைத் திறந்ததும் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது. முழுச் சுமையில் தாங்குகிறதே, இது எப்படி விழும் என்று தோன்றும். முழுச் சுமையில் கோர்கள் குறைந்த வேகத்தில் ஓடுகின்றன. லேசான வேலையில்தான் ஒரே ஒரு கோர் தன் உச்ச வேகத்துக்குத் துள்ளுகிறது. வோல்டேஜைக் குறைத்து வைத்திருந்தால் அந்த உச்சியில்தான் தடுக்கி விழும். எல்லாக் கோரையும் ஒன்றாக வதைக்கும் டெஸ்ட்டில் இது தெரியவே தெரியாது.

ரைசனில் கோர் வாரியாக வோல்டேஜைக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசரை எல்லாக் கோருக்கும் மைனஸ் 30 என்று போட்டவர்களுக்கு இது அடிக்கடி வரும். எட்டுக் கோர் ரைசன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் பட்டியலில் வன்பொருள் பிழைகளைப் பதியும் டபிள்யூஹெச்இஏ லாகர் என்ற மூலத்தை மட்டும் வடிகட்டுங்கள். 18 என்ற எண்ணோடு 'கேஷ் ஹையரார்க்கி எர்ரர்' என்று ஒரு பதிவு இருக்கும். அதன் கீழே பிராசசர் ஏபிஐசி ஐடி என்று ஓர் எண்: 4 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கோருக்கும் இரண்டு திரெட் (வேலை வரிசை) இருப்பதால் எண்ணை இரண்டால் வகுங்கள், கிடைப்பது 2. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் கோர் 2. பயாஸில் அந்த ஒரு கோரை மட்டும் மைனஸ் 30-இலிருந்து மைனஸ் 22-க்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு படியும் ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிவோல்ட். மற்ற ஏழு கோர்களைத் தொட வேண்டாம். பன்னிரண்டு, பதினாறு கோர் பிராசசர்களில் இந்த எண் வரிசையில் இடைவெளி இருக்கலாம், இரண்டால் வகுக்கும் கணக்கை அங்கே அப்படியே நம்பாதீர்கள்.

சரிசெய்த பிறகு சோதிக்க கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவி இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு கோரை மட்டும் ஓட்டி, விழுந்தால் எந்தக் கோர் என்று எழுதி வைக்கும். ஒவ்வொரு கோருக்கும் நிறைய நேரம் கொடுங்கள். அவசரப்பட்டு ஒரு சுற்றோடு நிறுத்தினால் அடுத்த வாரம் மறுபடி இதே பத்தியைத் தேடி வருவீர்கள். ஒரு கோரில் மைனஸ் 5 கூடத் தாங்கவில்லை என்றால் அப்படியே விடுங்கள். தொழிற்சாலையிலேயே நல்ல கோர் என்று குறிக்கப்பட்டவை ஏற்கெனவே விளிம்பில்தான் ஓடுகின்றன, அவற்றுக்குக் குறைக்க இடம் அதிகம் இருக்காது.

இன்டெலில் இதே அறிகுறிக்கு ஆஃப்செட் வோல்டேஜ், அதாவது எல்லா வேகத்துக்கும் பொதுவாகக் கூட்டும் அல்லது குறைக்கும் அளவு, காரணமாக இருக்கும். மைனஸ் ஆஃப்செட் என்பது மேல் வேகத்தில் மட்டும் இல்லாமல் கீழ் வேகத்திலும் வெட்டுகிறது. சில மில்லிவோல்ட் திருப்பிக் கொடுத்தால் நின்றுவிடும்.

விழவில்லை, ஆனால் வேகமும் கூடவில்லை

முதலில் உங்கள் பிராசசர் பூட்டப்பட்டதா என்று பாருங்கள். இன்டெலில் மல்டிபிளையரை ஏற்ற கே என்று முடியும் மாடலும் இசட் வரிசை போர்டும் வேண்டும். பி760-இல் ரேமை ஏற்றலாம், கோரை முடியாது. ஏஎம்டியில் பெரும்பாலும் திறந்தே இருக்கும், ஆனால் ஏ520 போர்டிலும் 5800எக்ஸ்3டி பிராசசரிலும் மல்டிபிளையர் பூட்டுதான். விண்டோஸில் ஓடும் டியூனிங் மென்பொருளில் வோல்டேஜ் பட்டி மங்கிக் கிடந்தால் விண்டோஸின் கோர் ஐசொலேஷன் பாதுகாப்பையும் பயாஸில் அண்டர்வோல்ட் புரொடெக்ஷனையும் பாருங்கள். வோல்டேஜைக் குறைத்துத் தாக்கும் பிளண்டர்வோல்ட் ஓட்டை 2019 டிசம்பரில் வெளியான பிறகு வந்த பாதுகாப்பு இந்த அண்டர்வோல்ட் புரொடெக்ஷன். அதை அணைப்பதைவிட பயாஸிலேயே மாற்றுவது மேல்.

திறந்திருந்தும் வேகம் இல்லை என்றால் ஏதோ ஒரு வரம்பில் முட்டுகிறது. ஹெச்டபிள்யூ இன்ஃபோவில் வேகக் குறைப்பைக் காட்டும் திராட்லிங் வரிகளில் 'யெஸ்' (ஆம்) எங்கே விழுகிறது என்று பாருங்கள். இன்டெல் 12 முதல் 14 வரையான தலைமுறைகளில் வெப்ப வரம்பு 100 டிகிரி, ரைசன் 7000-இன் சாதாரண மாடல்களில் 95, எக்ஸ்3டியில் 89. அங்கே போய் நின்றால் கூலரைத்தான் கவனிக்க வேண்டும், வோல்டேஜை ஏற்றினால் இன்னும் மெதுவாகும். வெப்பம் சரியாக இருந்தும் வேகம் இறங்கினால் மின்சக்தி வரம்பு. 13900கே-வுக்கு இன்டெல் வைத்திருப்பது 253 வாட்.

இன்னொன்று நுட்பமானது. ரைசனில் வோல்டேஜை அதிகமாகக் குறைத்தால் அது விழாமலே தன்னைத் தானே மெதுவாக்கிக்கொள்ளும். கிளாக் 4.8 கிகாஹெர்ட்ஸ் என்று காட்டும், பக்கத்தில் உண்மையில் ஓடிய வேகமான எஃபெக்டிவ் கிளாக் 4.6 என்று காட்டும். முழுச் சுமையில் இந்த இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இடைவெளி விழுந்தால் வோல்டேஜைத் திருப்பிக் கொடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சினிபெஞ்ச் மதிப்பெண் எழுதி வைத்தால் இது உடனே பிடிபடும்.

யுஎஸ்பி விட்டுவிட்டு வருகிறது, ஒலி கரகரக்கிறது, ஜிப் கோப்பு திறக்கவில்லை

ரைசனின் முந்தைய ஏஎம்4 போர்டுகளில், பிராசசரின் உட்பகுதிகளை இணைக்கும் தடத்தின் வேகமான எஃப்கிளாக்கை ஏற்றியவர்கள் முதலில் அதையே இறக்குங்கள். 3600 ரேமுக்கு (அதன் உண்மையான கிளாக் பாதியான 1800) எஃப்கிளாக்கும் 1800 என்ற ஒன்றுக்கு ஒன்று பொருத்தம் பெரும்பாலான சிப்புகளில் அமைதியாக ஓடும். 1900-ஐ ஒட்டிப் போகும்போது ஈவென்ட் வியூவரில் 19 என்ற எண்ணில் 'திருத்தப்பட்ட பிழை' என்று வரிசையாகப் பதிவுகள் விழத் தொடங்கும். திருத்தப்பட்ட பிழைதானே என்று விட்டுவிடக் கூடாது.

கோப்புகள் கெடுவது ரேமின் வேலை. விண்டோஸுக்குள் சோதித்தால் கெட்ட ரேம் விண்டோஸையும் கெடுக்கும். பென் டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86 ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். அதில் தேறினால் மட்டும் விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 போன்ற கடுமையான சோதனைக்குப் போங்கள். ரேம் சரியான பிறகு எஸ்எஃப்சி ஸ்கேன் ஓட்டி, ஏற்கெனவே கெட்ட சிஸ்டம் கோப்புகளை மாற்றுங்கள். வரிசையை மாற்றிச் செய்யாதீர்கள்.

எல்லாவற்றையும் பழையபடி வைத்தும் விழுகிறது

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். சில கேம்கள் ஷேடர் (காட்சியை வரையும் நிரல்) தயாரிக்கும்போது வீடியோ மெமரி போதவில்லை என்று சொல்லி மூடிக்கொள்ளும். கிராபிக்ஸ் கார்டில் மெமரி தாராளமாக இருக்கும். பலர் கார்டையே மாற்றிப் பார்த்தார்கள். கோளாறு பிராசசரில் இருந்தது. கோருக்குள் இருக்கும் கிளாக் சுற்று, அதிக வோல்டேஜிலும் வெப்பத்திலும் தேய்ந்துபோவதாக இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் 0எக்ஸ்129, அடுத்து 0எக்ஸ்12பி என்று மைக்ரோகோடு (பிராசசருக்குள் ஓடும் நிரல்) திருத்தங்கள் வந்தன. பெட்டியில் வாங்கிய பிராசசர்களுக்கு வாரன்டியும் இரண்டு ஆண்டு நீட்டப்பட்டது. திருத்தம் இனிமேல் தேயாமல் காக்கும், தேய்ந்ததைச் சரிசெய்யாது.

அதனால் பயாஸைப் புதுப்பித்து, இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ் என்ற புரொஃபைலைப் போட்டு, எக்ஸ்எம்பியும் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். பயாஸ் டிஃபால்ட் என்று போர்டு தருவதும் இதுவும் ஒன்றல்ல. பல போர்டுகள் மின்சக்தி வரம்பைத் தாமாகவே தளர்த்தி வைத்திருந்தன. இந்த நிலையிலும் விழுந்தால் வோல்டேஜை ஏற்றி ஓட்டி ஒப்பேற்ற வேண்டாம், மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு நீலத்திரை வந்த தேதி, டபிள்யூஹெச்இஏ பதிவு, டிஃபால்ட் அமைப்பின் படம் மூன்றும் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

நிலையான அமைப்பு கிடைத்ததும் பயாஸில் புரொஃபைலாகச் சேமித்து, பென் டிரைவிலும் ஒரு பிரதி போடுங்கள். படமும் எடுங்கள். பெரும்பாலான போர்டுகளில் பயாஸைப் புதுப்பித்தால் உள்ளே சேமித்தவை அழிந்துவிடும், பழைய பதிப்பில் சேமித்த கோப்பைப் புதியது ஏற்காமலும் போகலாம். அப்போது எண்களைக் கையால் திரும்பப் போட அந்தப் படம்தான் வேண்டும். போட்ட பிறகு சோதனையை முதலிலிருந்து ஓட்டுங்கள். பயாஸ் மாறினால் அதே எண்ணுக்கு வேறு வோல்டேஜ் போகக்கூடும்.